'செய்ய மாட்டோம்' என்று எழுதி மாட்டியிருக்கும் ரிப்பேர் கடை

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து அழகாபுரம் போகும் வழியில், உள்ளே ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது இந்த வீட்டுப் பராமரிப்புக் கடை. பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு அறை, ஒரு மேசை, சுவர் முழுக்கக் கருவிகள், வாசலில் இரண்டு டூவீலர், அவ்வளவுதான். குழாய், மின்சாரம், கதவு, பூட்டு, பெயின்ட், சின்னச் சின்ன பூச்சு வேலை எல்லாம் பார்க்கிறார்கள். ஓனரோடு சேர்த்து நாலு பேர். பெயர் போட வேண்டாம் என்று ஓனர் (நான் அவரைத் தம்பி என்றுதான் சொல்வேன்) கேட்டுக்கொண்டார்; இருக்கிற வேலைக்கே ஆள் போதவில்லையாம். அழகாபுரம், ஃபேர்லண்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் அடையாளமே போதும்.

மேசைக்குப் பின்னால் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். ஒரு பாதியில் செய்யும் வேலைகள். மறு பாதியில் 'நாங்கள் செய்ய மாட்டோம்' என்று தலைப்புப் போட்டு, புது மின் லைன் இழுப்பது, லோடு (வீட்டுக்கு மின்வாரியம் அனுமதித்த மின் அளவு) கூட்டுவது, மீட்டர் பெட்டியில் கை வைப்பது, கேஸ் ட்யூப் மாற்றுவது, லிஃப்ட், ரோடு வெட்டுவது, தூண் பீம் உடைப்பது, செப்டிக் டேங்க்குக்குள் ஆள் இறக்குவது என்று வரிசையாக எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை யார் செய்யலாம், எந்த ஆபீஸில் என்ன காகிதம் வாங்க வேண்டும் என்று ஒரு வரி. சேலத்தில் இப்படி ஒரு பலகையை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. இந்தக் கடைக்கு நான் முழு மதிப்பெண் போடுவதற்கு முதல் காரணம் அந்த இரண்டாம் பாதிதான்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். கீழே நாங்கள், மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு. போன வருடம் மாடிக்கு கீசர் மாட்ட வேறு ஒரு ஆளைக் கூப்பிட்டோம். எல்லா வேலையும் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வந்தவர். 3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்கு அவர் பக்கத்திலிருந்த லைட் பாயின்ட்டிலிருந்து மெல்லிய ஒயரை இழுத்து இணைப்புக் கொடுத்திருக்கிறார். எர்த் ஒயரே இல்லை. மூன்று பின் சாக்கெட்டில் எர்த்துக்கான மேல் ஓட்டை வெறும் ஓட்டையாகவே கிடந்தது. மாடி வீட்டுப் பாப்பா ஈரக் கையோடு குழாயைத் தொட்டு ஷாக் அடித்து அழுதபோதுதான் விஷயம் தெரிந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த நடுக்கம் இன்னும் போகவில்லை.

அப்புறம்தான் இந்தக் கடைக்குப் போனேன். வந்து பார்க்க 200 ரூபாய். வேலை கொடுத்தால் அதை பில்லில் கழித்துவிடுகிறார்கள். வந்தவர் அறுபதை நெருங்கும் ஒயர்மேன். எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கீசரைப் பார்ப்பதற்கு முன்னால் மெயினுக்குப் போனார். ஒயரில் கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெக்கர் கருவியை எடுத்து இன்சுலேஷன் பார்த்தார், எர்த் பைப்பைத் தேடினார், மின் அட்டையை வாங்கி எவ்வளவு லோடு வாங்கியிருக்கிறோம் என்று பார்த்தார். பிறகு, "டீச்சர், சுவிட்ச் மாத்தணும், ஃபேன் மாத்தணும்னா நான் இப்பவே செஞ்சுடுவேன். இதுக்கு மெயின்ல இருந்து தனி லைன் வேணும், எர்த் புதுசா போடணும். ஏற்கெனவே ரெண்டு ஏசி ஓடுது, லோடும் கூட்டணும். அதை நாங்க பண்ணக் கூடாதுங்க. லைசென்ஸ் காண்ட்ராக்டர்தான் வரணும்," என்றார்.

முதலில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆளும் வந்தாயிற்று, கருவியும் கையில் இருக்கிறது, இவ்வளவு தெரிந்தவருக்கு ஒரு லைன் இழுக்கத் தெரியாதா என்ன? ஓனர் தம்பி கடையில் உட்காரவைத்து விதியை விளக்கினார். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளில் இது தெளிவாகவே இருக்கிறது. முன்பு 2010-இல் வந்ததிலும் இருந்தது, இப்போது நடப்பில் இருக்கும் 2023 விதிகளிலும் இருக்கிறது. 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டு இணைப்பில் பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச், வீட்டுச் சாதனங்கள் போன்றவற்றை, அமைப்பின் திறனோ தன்மையோ மாறாத வகையில், அப்படியே மாற்றிப் போடலாம். அதைத் தாண்டிய எந்த வேலைக்கும், பழைய ஒயரிங்கில் கூட்டுவது குறைப்பது உட்பட, மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வேண்டும். தகுதிச் சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளர் நேரடியாகப் பார்க்க, அனுமதி பெற்ற ஆள்தான் வேலை செய்ய வேண்டும். என் கீசர் லைன் அமைப்பின் திறனையே மாற்றும் வேலை. அதனால்தான் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார்.

நம் மாநிலத்தில் அந்த உரிமத்தைத் தருவது சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். ஒப்பந்ததாரர் உரிமத்தில் ஈ.ஏ., ஈ.பி. என்று தரங்கள் உண்டு. எவ்வளவு பெரிய வேலை வரை எடுக்கலாம் என்பது அதைப் பொறுத்தது. ஆட்களுக்குத் தனியாகச் சான்றிதழ்கள். ஐ.டி.ஐ. படிக்காமல் அனுபவத்திலேயே தொழில் கற்றவர்களுக்கு மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று நடக்கிறது. 21 வயது முடிந்திருக்க வேண்டும், ஒயரிங்கில் 5 வருட அனுபவம் வேண்டும், மேல் வயது வரம்பு கிடையாது. அண்ணன் ஐம்பது வயதுக்கு மேல் அந்தத் தேர்வை எழுதித் தேறியவர். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார்கள். முப்பது வருடமாகக் கையில் இருந்த தொழிலுக்கு அந்த வயதில் பரீட்சை எழுதப் போனவரை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது. என் மாணவர்களில் இப்படி எத்தனையோ பேர் எலக்ட்ரீசியன் வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் இது பட வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

காண்ட்ராக்டரை அவர்களே அழைத்து வந்தார்கள். உரிமத்தின் நகலைக் கேட்டேன், தயங்காமல் காட்டினார்; செல்லுபடியாகும் தேதியும் தரமும் அதிலேயே இருக்கின்றன. தனி எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், புது எர்த், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. உடம்பு வழியாகக் கொஞ்சம் கசிந்தாலும் கண் சிமிட்டுவதற்குள் லைனைத் துண்டித்துவிடும் சாதனம் அது. முடித்த பிறகு டெஸ்ட் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். லோடு கூட்ட மின்வாரியத்தில் கொடுத்த விண்ணப்பத்துடன் அதையும் சேர்த்தோம். முதல் ஆள் வாங்கியதைவிட நாலு மடங்குக்கு மேல் செலவு, வேலை முடியவும் நாளாயிற்று. ஆனால் ஏதாவது ஆனால் பதில் சொல்ல ஒரு உரிம எண் இருக்கிறது. முதல் ஆளின் போன் நம்பர் இப்போது உபயோகத்திலேயே இல்லை.

எங்கள் வீட்டில் இன்னும் செப்டிக் டேங்க்தான். மழைக்காலத்தில் நிரம்பி, பாத்ரூமில் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது. தெருவில் ஒருவர், "ரெண்டு பேர் வருவாங்க, மூடியத் திறந்து எறங்கி அள்ளிடுவாங்க, ரெண்டாயிரம் குடுங்க போதும்," என்றார். கடைக்குப் போன் செய்தேன். ஓனர் தம்பியின் குரலே மாறிவிட்டது. "யாரையும் உள்ள எறக்கிடாதீங்க டீச்சர். மூடியக்கூட நீங்க திறக்காதீங்க," என்றார்.

மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் செப்டிக் டேங்க்கிலோ சாக்கடையிலோ ஆளை இறக்குவது குற்றம். காண்ட்ராக்டர் மட்டுமில்லை, கூப்பிட்ட வீட்டுக்காரரும் அதில் அடக்கம். நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலைக்கு அமர்த்தும் யாரும் என்றுதான் சட்டம் சொல்கிறது. முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அபராதத்தை விடுங்கள். டேங்க்கில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. உள்ளே இறங்கியவர் சுருண்டு விழுவார், அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் விழுவார். வருடா வருடம் செய்தித்தாளில் இதைப் படிக்கிறோம், அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். இரண்டாயிரம் ரூபாய்க்கு இதைச் செய்யச் சொல்லும் ஊரில், "மாட்டேன்" என்று பலகையில் எழுதி வைத்த ஒரு சின்னக் கடைக்காரரை நான் ரொம்பப் பெரிய மனிதராகப் பார்க்கிறேன். செப்டிக் டேங்க் சுத்தம் செய்யக் கூப்பிடும் 14420 என்ற உதவி எண்ணைக் கொடுத்தவரும் அவர்தான். உரிமம் பெற்ற கழிவுநீர் லாரி வந்தது, குழாய் போட்டு உறிஞ்சியது, யாரும் உள்ளே இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் கடையிலிருந்து ஆள் வந்து உடைந்திருந்த பைப்பையும் மூடியையும் மாற்றினார்.

ஏற்காட்டிலும் எங்களுக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது, ஒண்டிக்கடைக்குக் கொஞ்சம் மேலே. என் அண்ணன் காலத்தில் கட்டியது, மங்களூர் ஓடு போட்டது. கீழே சேலத்தில் வெயில் கொளுத்தும்போது மேலே பனியும் மழையும் மாறி மாறி வந்து ஓடு நழுவும், மரச் சட்டம் ஊறும். சேலத்துக் கடைக்காரர்கள் பலர் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து ஓடு மாற்ற ஒத்துக்கொள்வதில்லை. இவர்கள் வருகிறார்கள், வண்டிச் செலவு தனி. ஓடு மாற்றுவது, சுவர்ப் பூச்சு, பெயின்ட், கதவு ஜன்னல் சரிசெய்வது போன்ற வேலைகளுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. அதை அவர்கள் பாட்டுக்கு முடித்துக் கொடுத்தார்கள். வேலை சுத்தம். ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டைகள் எங்கெங்கே அரித்திருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்துக் காட்டிவிட்டுத்தான் விலை சொன்னார்கள்.

வீட்டுக்கு மேலே சாய்ந்து நின்ற ஒரு சில்வர் ஓக் மரத்தையும் அப்படியே வெட்டித் தள்ளச் சொன்னோம். அங்கேயும் நிறுத்திவிட்டார்கள். மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-லேயே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. நம் சொந்த நிலத்தில் நிற்கும் மரமானாலும் கலெக்டர் தலைமையிலான குழுவிடம் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். பின்பக்கம் சரிவில் ஒரு அறை கூட்டிக் கட்டலாமா என்று கேட்டதற்கும், அது ரிப்பேர் வேலையில் வராது, மலைப்பகுதிக் கட்டட விதிகள் தனி, வரைபடம் போட்டு முறையாகப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. சரிவை வெட்டினால் மழைக்கு மேலே இருக்கும் மண் எங்கே வரும் என்று மலையில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

கலிபோர்னியாவில் இருக்கும் என் தங்கை மகனிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். அங்கே இதை அளவு போட்டே வைத்திருக்கிறார்களாம். காண்ட்ராக்டர் உரிமம் இல்லாத கைவேலைக்காரர் கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலருக்குக் குறைவான வேலையை மட்டும்தான் எடுக்கலாம். 2025 ஜனவரிக்கு முன் அது 500 டாலராக இருந்தது. அந்த வேலைக்குக் கட்டட அனுமதி தேவைப்படக் கூடாது, உதவிக்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்கவும் கூடாது. விளம்பரம் கொடுத்தால் 'எனக்கு உரிமம் இல்லை' என்று அதிலேயே சொல்லியாக வேண்டும். அங்கே சட்டம் கட்டாயப்படுத்திச் சொல்ல வைப்பதை இந்தத் தம்பி தானாகப் பலகையில் எழுதியிருக்கிறார்.

பில் விஷயத்திலும் நேர்மை. முன்பு வந்த ஒருவர் வெள்ளைத்தாளில் கூட்டிப் போட்டு, கீழே 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று சேர்த்து வாங்கிக்கொண்டு போனார். தாளில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. பதிவு செய்யாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு கட்டாயமில்லை. இந்தக் கடை அதற்குள்தான் வருகிறது, அதனால் ஜிஎஸ்டி போடுவதில்லை, அச்சடித்த பில்லில் கூலி தனி, பொருள் தனி. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய பொருளின் கடை பில்லையும் சேர்த்துப் பின் போட்டுத் தருகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உத்யம் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு 'அரசு லைசென்ஸ்' என்று காட்டுபவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அது சிறுதொழில் பதிவு மட்டும்தான். ஆதார் வைத்து இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது. ஒயரைத் தொடும் உரிமையை அது யாருக்கும் தராது. இந்தக் கடையிலும் உத்யம் இருக்கிறது, பாங்க் கடனுக்காக எடுத்தது என்று அவரே சொன்னார். வேலை செய்யும் மூன்று பேரையும் கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார். எலக்ட்ரீசியன், பிளம்பர், பெயின்டர், ஆசாரி எல்லாரும் 18 முதல் 60 வயதுக்குள் அதில் சேரலாம். ஏணியில் ஏறி வேலை செய்பவர்களுக்கு அந்த அட்டை ரொம்ப முக்கியம். உங்கள் வீட்டுக்கு வருபவரிடம் அது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால் தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை போனை எடுப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஏற்காட்டு லாட்ஜ் வேலைகளில் மாட்டிக்கொள்கிறார்கள், சேலத்து வீடுகளுக்கு வர ஒரு வாரம்கூட ஆகிறது. சுவரைக் கொத்தினால் தூசியைப் பெருக்கி ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள், அள்ளுவது நம் வேலை. இளைய பையன் டைல்ஸில் துளை போடும்போது அவசரப்படுகிறான். ஒரு டைல் விரிசல் விட்டது, அதற்குக் காசு கழித்தார்கள் என்றாலும் அதே டிசைன் கிடைக்கவில்லை. உரிமக் காண்ட்ராக்டர் வர வேண்டிய வேலை என்றால் இரண்டு தடவை வருகைச் செலவு விழுகிறது. இதை முதலிலேயே போனில் சொல்லலாம், கேட்டால்தான் சொல்கிறார்கள்.

கூப்பிடப் போகிறவர்களுக்கு: மின்சார வேலை என்றால் மின் அட்டையையும் மெயின் பெட்டியையும் போட்டோ எடுத்து முதலிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காண்ட்ராக்டர் தேவையா இல்லையா என்று அன்றைக்கே சொல்லிவிடுவார்கள், ஒரு வருகைச் செலவு மிச்சம். கேஸ் ட்யூப்புக்கு இவர்களைக் கூப்பிடாதீர்கள், உங்கள் கேஸ் ஏஜென்சியிலிருந்துதான் ஆள் வர வேண்டும். ஞாயிறு விடுமுறை. ஏற்காட்டு வீடுகளுக்குப் புதன்கிழமைகளில் மட்டும் ஏறுகிறார்கள். திங்கள் மாலைக்குள் சொல்லிவிட்டால் ஓடு, சிமென்ட் எல்லாம் கீழேயிருந்தே ஏற்றிக்கொண்டு வருவார்கள்.